ஏனுங்க என்று கூப்பிட்ட நாய்

"அந்தக் கிழட்டு நாய்க்குக் குரல் கொடுத்தது யாருன்னு தெரியல. யாரா இருந்தாலும் அடுத்த படத்துக்கு வேண்டாம்."

யூடியூபில் படங்களை விமர்சிக்கும் ஒருவர், அறைக்குள் உட்கார்ந்துகொண்டும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் சொன்ன வாக்கியம் இது. அவருடைய கவலையை நான் தீர்த்துவைத்திருக்க முடியும். அடுத்த படம் கிடையாது. அந்தக் குரல் என் மனைவியுடையது. படம் திரைக்கு வருவதற்கு முந்திய மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள்.

நான் கலெக்டர் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி சினிமா தியேட்டர்களின் உரிமத்தைப் புதுப்பிக்கும் பிரிவில் கழிந்தது. தியேட்டருக்குள் நுழைந்தால் மற்றவர்கள் திரையைப் பார்ப்பார்கள். நான் அவசர வழிக்கு மேலே விளக்கு எரிகிறதா, தீயணைப்பு வாளியில் இருப்பது மணலா வெற்றிலை எச்சிலா என்று பார்ப்பேன். சினிமா பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் உருவாகாமல் போனதற்கு இதுவே காரணம். என் மனைவிக்கு இருந்த ஆசையும் என்னோடு வந்து வந்தே வற்றிவிட்டது. இடைவேளையில் முறுக்கு வாங்கப் போகாமல், கட்டட உறுதிச் சான்று எப்போது காலாவதி ஆகிறது என்று மேனேஜரை விசாரிக்கிற புருஷனோடு ஒரு பெண் எத்தனை படம் பார்ப்பாள்?

அப்படிப்பட்டவள் சினிமாவில் பேசியதற்குக் காரணம் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. மாடியில் குடியிருப்பவர் ஒலிப்பதிவாளர். ஆர்.எஸ்.புரத்தில் நகைக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்ன ஸ்டூடியோ வைத்து, தங்கத்துக்கும் பட்டுக்கும் விளம்பரம் பதிவு செய்துகொண்டிருந்தார். ஆட்டோ ஹாரன் ஓய்கிற நேரம் பார்த்துத்தான் அங்கே பதிவு நடக்கும். காலையில் நான் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தெருமுனைக்குப் பேப்பர் படிக்கப் போய்விடுவேன். தொட்டி நிரம்பி வழியும். என் மனைவி வாசலுக்கு வந்து கூப்பிடுவாள்.

"ஏனுங்கோவ்!"

கிணத்துக்கடவில் பிறந்தவள். தென்னந்தோப்பின் இந்த ஓரத்தில் நின்று அந்த ஓரத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல். கத்துவதில்லை; கடைசி எழுத்தை இழுத்து, அது போய்ச் சேரும்வரை விடமாட்டாள். கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாதவரைக் கூப்பிடவும் ஏனுங்கதான், கட்டிய புருஷனைக் கூப்பிடவும் ஏனுங்கதான். என் பெயர் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. நான் அவளைக் கூப்பிட்ட முறை இதைவிட மோசம்: 'இங்க பாரு'.

வீட்டுக்குள் அவள் கூப்பிடுவது வேறு மாதிரி. இழுப்பு இருக்காது. நான் பேப்பரில் இருப்பேன், அல்லது யாரோ ஒருவருடைய ஓய்வூதியக் கணக்கில் இருப்பேன்.

"ஏனுங்க."

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

எங்கள் உரையாடல்களில் நிறைய இந்த வடிவத்தில்தான் நடந்து முடிந்தன.

ஒருநாள் தொட்டி வழிந்து, அவள் கூப்பிட்டு, நான் ஓடிவந்து மோட்டாரை நிறுத்தியபோது ஒலிப்பதிவாளர் படியிறங்கி வந்தார்.

"அம்மா, இப்பக் கூப்புட்டீங்கல்லங்க, அதேமாதிரி மைக்குல ஒருக்காக் கூப்புடோணுங்க."

"யாரையிங்க?"

"நாயி கூப்புடறாப்புலங்க. ஒரு படத்துக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். "நாயா இருந்து கூப்புடறதுக்கு எதிர்ல ஒரு மனுசன் வேணுமில்லீங்க?"

"சாரையே நெனச்சுக்குங்கம்மா."

"அப்பச் சரி. பழக்கமானதுதான்."

அது உள்ளூர் இளைஞர்கள் சிலர் சேர்ந்து எடுத்த குடும்ப நகைச்சுவைப் படம். பாகப் பிரிவினையில் அடித்துக்கொள்ளும் ஒரு குடும்பம், அந்த வீட்டில் மூன்று நாய்கள். சீமை நாய் ஒன்று ஆங்கிலம் கலந்து பேசும். சென்னையிலிருந்து வந்த ஒன்று சென்னைத் தமிழ் பேசும். மூன்றாவது ஒரு கிழட்டு நாட்டு நாய், பெட்டை. நாய்கள் பேசுவது நமக்குக் கேட்கும், படத்தில் இருக்கும் மனிதர்களுக்குக் கேட்காது. அவர்களுக்கு அது குரைப்பு. காணாமல் போன வீட்டுப் பத்திரம் எங்கே கிடக்கிறது என்று கிழட்டு நாய்க்கு மட்டும் தெரியும். அதைச் சொல்லப் படம் முழுக்க வீட்டுக்காரரை "ஏனுங்க, ஏனுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அவர் திரும்பவே மாட்டார். பத்திரம் தொலைந்தால் பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கிவிடலாம். இதை யாராவது ஒரு நாய் சொல்லியிருந்தால் படம் இடைவேளைக்கு முன்பே முடிந்திருக்கும். நான் கதை கேட்டபோதே சொன்னேன். ஒலிப்பதிவாளர் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. "நகல வாங்கீட்டா அப்பறம் அந்த நாயி எதுக்குங்க கூப்புடோணும்?" என்றாள்.

படத்தின் முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்திரம் கிடைத்துவிடுகிறது. அதற்கு நாய் காரணமென்று யாருக்கும் தெரியாது. மாலை வெயிலில் வாசலில் படுத்திருக்கும் நாய், காரணம் எதுவுமில்லாமல் கடைசியாக ஒருமுறை கூப்பிடும். வீட்டுக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருப்பார். "வாரேன், வாரேன்" என்பார். அது தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு நாய் தலையைத் தரையில் வைக்கும். தூங்கியதா, வேறு ஏதாவதா என்று படம் சொல்லாது.

ஒப்பந்தத்தை நான்தான் படித்துப் பார்த்தேன். தேவைப்பட்டால் குரலை மாற்றவோ நீக்கவோ தயாரிப்பாளருக்கு முழு உரிமை உண்டு என்று ஒரு பிரிவு இருந்தது. வழக்கமாக எல்லா ஒப்பந்தத்திலும் வருவதுதான். இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னேன். சில நாள் ஸ்டூடியோவுக்குப் போய்வந்தாள். ஒருநாள் சுடுதண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னாள்: "இத்தன வருசத்துல இப்பத்தானுங்க, நானு கூப்புட்டதுக்கு ஒருத்தரு 'சூப்பருங்கம்மா'ன்னு சொல்லியிருக்காரு."

அதன் பிறகு வந்த மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, நெஞ்சில் இறங்கியது, முடிந்தது.

மனைவி இறந்தால் ஒரு மனிதன் செய்ய வேண்டியவற்றை நான் வரிசை தவறாமல் செய்தேன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், கேஸ் இணைப்பு மாற்றம், வங்கிக் கணக்கு. எந்த மேசைக்கு எது முதலில் போக வேண்டும் என்று தெரிந்தவனுக்கு இதெல்லாம் அதிக நாள் பிடிக்காது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என் சுறுசுறுப்பைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். கடைசிப் பெயர் நீக்கமும் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அவள் எங்கேயும் இல்லை என்பதற்கு என்னிடம் போதுமான ஆவணங்கள் இருந்தன.

ஆனால் இந்த ஊரில் அது செல்லாது. கீரை விற்கிறவள் "ஏனுங்க, முருங்கக்கீர வேணுங்ளா?" என்பாள். பஸ்ஸில் பின்னால் நிற்பவர் "ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பார். மருந்துக்கடையில், வங்கியில், கோயில் வரிசையில், ஒவ்வொரு முறையும் எனக்கு முதுகு சிலிர்க்கும். நான் திரும்புவேன். முகம் தெரியாத ஒருவர் நின்றுகொண்டிருப்பார். வேறு ஊரில் மனைவியை இழந்திருந்தால் பிழைத்திருப்பேன். அங்கே மனைவிகள் கூப்பிடுகிற சொல்லால் கீரைக்காரிகள் கூப்பிடுவதில்லை.

படம் வெளியான அன்று காலைக் காட்சிக்குத் தனியாகப் போனேன். கருமத்தம்பட்டியில் தறிக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் எங்கள் மகளைக் கூப்பிட்டேன். "என்னால முடியாதுங்ப்பா" என்று போனை வைத்துவிட்டாள். உள்ளே கொஞ்சம் குடும்பங்கள், நிறையப் பாப்கார்ன். பழக்கதோஷத்தில் அவசர வழிகளைப் பார்த்துக்கொண்டேன். விளக்குகள் எரிந்தன. படம் ஓடத் தொடங்கி, கிழட்டு நாய் கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

இப்போதைய தியேட்டர்களில் சத்தம் எல்லாப் பக்கமும் வரும் என்று எனக்குத் தெரியும். ஒலிபெருக்கி எங்கே எப்படிப் பொருத்தப்பட வேண்டும் என்பதுகூடத் தெரியும். அந்த நேரத்தில் எதுவும் ஞாபகம் வரவில்லை. குரல் என் பின்னாலிருந்து, இடது தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

"ஏனுங்க."

"என்ன?" என்று திரும்பினேன். சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும்.

பின்வரிசையில் மடியில் குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பதறிப்போய், "ஏனுங்க, நானு கூப்புடலீங்க. நாயிதான் கூப்புட்டுச்சுங்க" என்றாள்.

பக்கத்திலிருந்த அவள் புருஷன், "உடு, பெரியவரு தூங்கிட்டாராட்ட இருக்குது" என்றான்.

நான் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் கூப்பிடும்போதெல்லாம் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் அந்த மனிதர் திரும்பவில்லை. திரும்புவதுபோல நடித்திருந்தால் படத்தின் போக்கு கெட்டுவிடும், அவரைக் குறை சொல்ல முடியாது. குழந்தைகள் சிரித்தார்கள். படம் முடிந்ததும் பெயர்கள் ஓடத் தொடங்கின. அவள் பெயர் கீழே எங்கேயோ வர வேண்டும். அதற்குள் விளக்கைப் போட்டு எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டார்கள். வெயில் வந்து திரையை அழித்துவிட்டது. காட்சி முடிந்ததும் வாசல்களை உடனே திறந்துவிட வேண்டும் என்று எத்தனையோ ஆய்வுக் குறிப்புகளில் வற்புறுத்தியவன் நான்.

பிறகு விமர்சனங்கள் வந்தன. அதுவரை நான் சினிமா விமர்சனம் படித்ததில்லை. படிக்கத் தொடங்கியதும் பழகிய இடத்துக்கு வந்ததுபோல் இருந்தது. எல்லாம் அலுவலகக் குறிப்புகள்தான். 'முதல் பாதி விறுவிறுப்பு, இரண்டாம் பாதி இழுவை' என்பது 'கோப்பு பரிசீலனையில் உள்ளது' மாதிரி. யாரும் எதையும் பார்க்காமலே எழுதிவிடலாம். 'குழந்தைகள் ரசிப்பார்கள்' என்றால் நிராகரிக்கப்பட்டது என்று அர்த்தம். ஒருவர், 'நாய்கள் பேசுகின்றன, திரைக்கதைதான் வாய் திறக்கவில்லை' என்று எழுதினார். இன்னொருவர், விலங்குகள் எதுவும் துன்புறுத்தப்படவில்லை என்று ஆரம்பத்தில் அறிவிக்கிறார்கள், பார்வையாளர்களைப் பற்றி அப்படி எந்த உத்தரவாதமும் தரவில்லை என்றார். இதற்கு நான் சிரித்துவிட்டேன். முடிவு நம்பும்படி இல்லை என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டார்கள். யாரோ யாருக்கோ சொன்ன பதில் சரியான நொடியில் நாய்க்குப் பதிலாகிறது என்பதெல்லாம் எழுதுகிறவரின் சோம்பேறித்தனம், வாழ்க்கையில் நடக்காது என்றார்கள்.

குரலை யாரும் விட்டுவைக்கவில்லை. கறுப்புக் கண்ணாடிக்காரரை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். ஒரு பத்திரிகையில், கோவைத் தமிழ் என்று சொல்லிக்கொண்டு எல்லாச் சொல்லிலும் 'ங்க' ஒட்டியிருக்கிறார்கள், கிழட்டு நாயின் பேச்சில் செயற்கைத்தனம் காதைக் குத்துகிறது, அந்த ஊரில் இன்று யாரும் அப்படிப் பேசுவதில்லை என்று வந்திருந்தது. ஒருவகையில் அது உண்மை. அப்படிப் பேசியவள் இன்று இல்லை.

படம் வந்த வேகத்தில் தியேட்டர்களை விட்டுப் போனது. கொஞ்ச நாள் கழித்து ஒலிப்பதிவாளர் கீழே வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"சாருங்க, ஓடிடிக்காரங்க படத்தக் கேட்டிருக்காங்க."

"நல்லதுதானுங்க."

"ஆனா அந்த நாய்க்கு மட்டும் குரல மாத்தோணும்னு சொல்றாங்க. ரிவியூ பூராவும் அதையத்தான் திட்டியிருக்குதுன்னு. ஒரு காமெடி நடிகரு பேசுனா எடுத்துக்கறோம்னு சொல்றாங்க."

"பெட்டை நாயிங்க அது."

"அதையுமே காமெடியாப் பண்ணிப்போடலாம்னு சொல்றாங்க சார்."

பதிவு செய்த மூலம் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒப்பந்தப்படி எல்லாவற்றையும் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு அழித்தாகிவிட்டது என்றார். அந்தப் பிரிவையும் படித்திருக்கிறேன். வேறு எங்கே இருக்கிறது அவள் குரல்? போனில் பேசவே கூச்சப்படுகிறவள். மகளின் கல்யாண வீடியோவில் நாதஸ்வரத்துக்கு அடியில் உதடு அசைகிறது. அவ்வளவுதான்.

ஒரு படம் சான்றிதழ் பெற்ற பிறகு அதில் ஒலியை மாற்றினால் தணிக்கைக் குழுவுக்குத் தெரிவித்து அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுத் தயாரித்தேன். பார்வை, பொருள், வேண்டுகோள் எல்லாம் அதனதன் இடத்தில் அமைந்த நல்ல மனு. பழைய நண்பர் ஒருவரிடம் காட்டினேன். அந்த விதி தியேட்டருக்குத்தான், இணையத்தில் ஓடுவதற்குப் பொருந்தாது என்றார். அவள் பெயர் இருந்த இடங்களிலிருந்தெல்லாம் அதை நானே விண்ணப்பித்து நீக்கினேன். குரலை நீக்குவதற்கு மட்டும் யாரும் என்னிடம் விண்ணப்பம் கேட்கவில்லை.

அப்போதுதான் அந்தக் கட்டுரை வந்தது. சென்னையிலிருந்து வரும் ஓர் இணைய இதழில், பெரிய படிப்பாளி ஒருவர் எழுதியிருந்தார். எல்லோரும் ஏளனம் செய்த இந்தப் படத்தில் ஒரு பெரிய விஷயம் கவனிக்கப்படாமல் கிடக்கிறது என்று தொடங்கினார். அந்தக் கிழட்டு நாய் மனிதனிடம் சோறு கேட்கவில்லை, அன்பு கேட்கவில்லை, படம் முழுக்க ஒரே ஒரு கேள்வி கேட்கிறது: ஏன்? பதில் வராது என்று தெரிந்தும், மரியாதை குறையாமல் 'ங்க' சேர்த்துக் கேட்கிறது. ஏனுங்க? அந்தக் குரலின் அலங்காரமின்மைதான் படத்தின் உயிர் என்று முடித்திருந்தார்.

படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். கோயமுத்தூரில் ஒரு நாள் பஸ்ஸில் போயிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். விளியையும் வினாவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவருக்கு விமர்சனம் எதற்கு? ஏனுங்க எங்களுக்கு இரண்டுக்கும் ஆகும், ஒப்புக்கொள்கிறேன். கேட்கும்போது முதலெழுத்தில் அழுத்தம் விழும். கூப்பிடும்போது அழுத்தம் கடைசிக்குப் போகும். சின்னக் குழந்தைக்கும் தெரியும். இதை விளக்கி ஒரு பக்கத்துக்குள் கடிதம் எழுதினேன். பணிக்காலத்தில் என் மேசைக்கு வந்த எந்தத் தவறும் திருத்தப்படாமல் அடுத்த மேசைக்குப் போனதில்லை. ஒலி பற்றிய விஷயம் என்பதால், அனுப்புமுன் ஒலிப்பதிவாளரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதைய அனுப்பிச்சுப் போட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க. ஏனுங்க?"

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அனுப்பீராதீங்க சார். இந்தக் கட்டுரையக் காட்டித்தானுங்க டைரக்டரு சென்னையில சண்ட போட்டுட்டு இருக்காரு. அது கேள்வின்னா கதைக்கே உசுரு, கை வெக்க மாட்டாங்க. சும்மா கூப்புடறதுதான்னு ஆயிப்போச்சுன்னா, கூப்புடறதுதான, யாரு வேண்ணாலும் கூப்புடலாம்னு மாத்திப்போடுவாங்க."

"யாரு வேண்ணாலும் கூப்புடலாமா?"

அவர் தரையைப் பார்த்தார். "அவிய அப்படித்தானுங்க சொல்றாங்க."

கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தேன். தவறு ஒன்று பதிவேட்டில் நிற்பதைத் தெரிந்தே அனுமதித்தது அதுதான் முதல் தடவை. அது என்னோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சில நாளில் சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். படத்துக்குக் கீழே ஓடும் ஆங்கில வரிகளைத் தயாரிக்கிறவர்.

"சார், அந்த 'ஏனுங்க'வுக்குக் கீழ என்ன போடறதுன்னு குழப்பமா இருக்கு. தியேட்டர் பிரிண்ட்ல ஒரு இடத்துல 'ஹலோ'ன்னு இருக்கு, ஒரு இடத்துல 'எக்ஸ்கியூஸ் மீ', இன்னொரு இடத்துல 'லிசன்'. அந்த ஆர்ட்டிகிள்ல 'வொய்'ங்கற அர்த்தத்துல எழுதியிருக்காங்க. மேலிடத்துல, அது 'வொய்'யா இருந்தா அந்த வாய்ஸை அப்படியே விட்டுடலாம்னு சொல்றாங்க. டைரக்டர் உங்களைக் கேக்கச் சொன்னார். மேடம் எந்த அர்த்தத்துல சொன்னாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியுமாம்."

எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று எனக்குத்தான் தெரியும். நேரில் பார்க்காத கட்டடத்துக்கு நான் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. மேலதிகாரிகள் கேட்டும் போட்டதில்லை.

"கேள்விதானுங்க" என்றேன்.

"ஷ்யூரா சார்?"

"எங்கிட்டத்தானுங்க கேட்டுட்டு இருந்தா."

அந்தப் பெண் சிரித்தார். "இத்தனை வருஷமாவா? நீங்க என்ன சார் பதில் சொன்னீங்க?"

"ஃபைல் பெண்டிங்ல இருக்குதுங்க."

மறுபடியும் சிரித்து, நன்றி சொல்லி வைத்துவிட்டார். நல்ல நகைச்சுவை உணர்வுள்ள பெண். அன்றைய தேதியைக் காலண்டரில் குறித்துவைத்தேன். பொய்ச் சான்று கொடுத்துப் பழக்கமில்லாததால் என்று நினைத்துக்கொண்டேன்.

மகளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அப்பன் கடைசியில் ஒரு பொய்ச் சான்று கொடுத்துவிட்டான், அதுவும் நாய்க்கு என்றேன். பின்னால் தறி ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் நடந்து கொல்லைப்பக்கம் வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

"பொய்யின்னு ஏனுங்ப்பா சொல்றீங்க?"

"பின்ன? உங்கம்மா என்னையக் கூப்புட்டா கண்ணு. கேள்வி எங்க கேட்டா?"

"தொட்டி வழியறப்போக் கூப்புட்டாங்க. ஊட்டுக்குள்ள பாதி நேரம் கேட்டதுதானுங்ப்பா."

"எதைய?"

"அது எனக்கு என்னங்ப்பா தெரியும்? எங்கிட்டயா கேட்டாங்க?"

அவள் குரலில் கோபம் இல்லை. தறிக்காரர்கள் கூப்பிடுகிறார்கள், வைக்கட்டுமா என்றாள். நான் வை கண்ணு என்றேன்.

அன்றிலிருந்து நான் அந்தச் சொல்லைக் காதுக்குள் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன். வீட்டுக்குள் அவள் சொன்னபோது இழுப்பு இருக்காது என்று முன்பே எழுதியிருக்கிறேன். அப்படியானால் அழுத்தம் எங்கே விழுந்தது? முதலெழுத்திலா? நான் பேப்பரிலிருந்து நிமிராமல் 'என்ன?' என்பேன். அவள் ஒண்ணுமில்லீங்க என்பாள். கூப்பிட்டவரிடம் என்ன என்று கேட்கலாம். கேட்டவரிடம் என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். அலுவலக இலக்கணப்படி, கேள்வியைக் கேட்டவரே திரும்பப் பெற்றுக்கொண்டால் கோப்பை மூடிவிடலாம். எத்தனை கோப்பு மூடினேன் என்று தெரியவில்லை. சமையலறைக் கதவருகில், கட்டிலின் அந்தப் பக்கத்தில், ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாயைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுக்கூட ஒருமுறை. அப்போதும் நான் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். என்ன என்றேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

சென்னைப் படிப்பாளி இந்த ஊருக்கு வந்ததே இல்லை. எங்கள் பேச்சு அவருக்குத் தெரியாது. தவறாகத்தான் கேட்டிருக்கிறார். கூட இருந்த எனக்கு அவரைத் திருத்தும் யோக்கியதை இருந்தது என்று எப்படி அவ்வளவு நிச்சயமாக இருந்தேன்?

படம் இணையத்தில் வந்துவிட்டது. குரலை மாற்றவில்லை. புதிதாகச் சிலர் விமர்சனம் எழுதினார்கள். கட்டுரைக்குப் பிறகு எழுதியவர்கள் எல்லோருக்கும் இப்போது குரல் அற்புதமாக இருக்கிறது. கறுப்புக் கண்ணாடிக்காரர்கூட, முதலிலேயே சொல்ல நினைத்தேன் என்பதுபோல ஏதோ சொன்னதாகக் கேள்வி. நான் பார்க்கவில்லை.

இன்று காலை பேப்பர் படிக்கத் தெருமுனைக்குப் போகவில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். மகள் வந்தபோது எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தாள். நடுவில் எதுவும் வேண்டாமென்று கடைசிப் பகுதிக்குத் தள்ளிக்கொண்டேன். மாலை வெயில், வாசல், நாய். வீட்டுக்காரர் முதுகைக் காட்டி நிற்கிறார். நாய் தலையைத் தூக்கியது.

"ஏனுங்க."

கீழே ஆங்கிலத்தில் ஒரே சொல், கேள்விக்குறியோடு வந்து நின்றது. அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேட்பதற்காக மறுபடியும் பின்னுக்குத் தள்ளினேன். மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும் தள்ளினேன். எத்தனை முறை கேட்டாலும் முடிவுக்கு வர முடியவில்லை. என் வேலையில் பாதிநாள் சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் போயிருக்கிறது.

மேலே மொட்டைமாடியிலிருந்து சளசளவென்று சத்தம் வந்தது. பிறகு ஒலிப்பதிவாளரின் குரல்.

"ஏனுங் சார்! தொட்டி வழியுதுங்க!"

நான் எழுந்து வாசல் பக்கம் திரும்பினேன். அவசரத்தில் டிவியை நிறுத்தவில்லை. எனக்குப் பின்னால் அவள் கூப்பிட்டாள்.

"வாரேன், வாரேன்" என்று மாடியைப் பார்த்துச் சொன்னேன்.

மோட்டாரை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது, நாய் தலையைத் தரையில் வைத்திருந்தது. பெயர்கள் ஓடத் தொடங்கியிருந்தன. இந்த வீட்டில் விளக்கைப் போடவோ கதவைத் திறக்கவோ யாரும் இல்லை. அவள் பெயர் வரும்வரை நின்றுகொண்டிருந்தேன்.